பேச்சியம்மாவின் இரண்டு கிலோ

“அட்டையில பத்துக் கிலோன்னு எழுதுறாங்க, பையில எட்டுக் கிலோவத்தான் போடுறாங்க. மீதி ரெண்டு கிலோ எங்கதான் போகுதோ?”

அக்கராயன் பக்கத்துக் குடியேற்றமொன்றில், தொண்ணூற்றெட்டாம் ஆண்டில், பேச்சியம்மாவின் வாயிலிருந்து இதைக் கேட்காத காது இல்லை. நிவாரண அரிசி வாங்கிய நாளும் சொல்வாள், வாங்காத நாளும் சொல்வாள். செத்த வீட்டில்கூட, ஒப்பாரிக்கு நடுவில் மூச்சு வாங்கிய நேரத்தில் சொன்னதாகக் கதை.

அவளிடம் தராசு இல்லை. ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பதின்மூன்று வயதிலிருந்து கொழுந்து பறித்து, எழுபத்தேழு கலவரத்தோடு வன்னிக்கு வந்தவள். பாரத்தை இடுப்பில் ஏற்றினால் நிறை சொல்லிவிடுவாள்.

நிவாரணம் கொடுக்கிற சங்கக்கடையின் மனேச்சர் தங்கராசா தொண்டையைச் செருமி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, கடிதம் வாசிப்பதுபோலத்தான் எதையும் பேசுவார். அன்று பேச்சியம்மாவுக்கு அரிசியைப் போட்டுக் கொடுத்த கையோடு, செருமித் தட்டி, பொய் முறைப்பாடு சொல்கிறவளின் நிவாரண அட்டையை வெட்டும்படி மேலிடத்துக்கு எழுதப்போவதாக வரிசைக்கு அறிவித்தார். அட்டை போனால் பாயில் கிடக்கும் வருத்தக்காரப் புருசனுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சிகூடக் கிடையாது. பேச்சியம்மா பையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு ஒதுங்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஞானேஸ்வரி சைக்கிளில் வந்து இறங்கினாள். பொருளாதாரம் படித்த பெண். லொறியில் ஏறுகிற நிவாரணத்தில் எவ்வளவு உலைக்குப் போய்ச் சேர்கிறது, மிச்சம் எங்கே, ஏன் கழன்றுபோகிறது என்று ஓர் உதவி நிறுவனத்துக்காக ஆராய வந்தவள். களவு நடக்கிறதா என்று அவள் எவரிடமும் கேட்பதில்லை. கேட்டால் ஊரே ஒரே குரலில் ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்லும். அதனால் ஒரு தொங்கு தராசோடு திரிந்தாள்.

மனேச்சர் முந்திக்கொண்டார். “பிள்ளை, இவாவின்ர இடுப்பில தராசு இருக்காம். முதல் அதைச் சோதிச்சுப் பாருங்கோ.”

ஞானேஸ்வரிக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த இடுப்பு சரியென்றால், இரண்டு வருச முறைப்பாட்டையும் ஆதாரமாக எடுக்கலாம். கடைக்குப் பின்னால் போய் மூன்று பைகளில் மணல் நிரப்பி, மூன்று, ஐந்து, ஏழு கிலோ என்று நிறுத்து வந்தாள். பேச்சியம்மா ஒவ்வொன்றாகத் தூக்கினாள். இரண்டு என்றாள். நாலு என்றாள். ஆறு என்றாள்.

வரிசை கொல்லென்று சிரித்தது. மனேச்சர் இரண்டு தட்டுக்குப் பதிலாக நாலு தட்டுத் தட்டினார். இத்தனை நாளும் பொய்யையா சொல்லித் திரிந்தேன் என்று பேச்சியம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஞானேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. பை சின்னதோ பெரிதோ, தவறு ஒரே ஒரு கிலோவாக இருந்தது. தோட்டத்தில் எப்படி நிறுப்பார்கள் என்று விசாரித்தாள். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கணக்கப்பிள்ளை நாள் தவறாமல் இரண்டு ராத்தல் கழித்துத்தான் எழுதுவார் என்றாள் பேச்சியம்மா. இரண்டு ராத்தல் ஏறத்தாழ ஒரு கிலோ. கழித்த நிறையைத்தான் அந்த இடுப்பு பாடமாக்கி வைத்திருந்தது.

“அப்ப இன்டைக்கு வாங்கின அரிசி எவ்வளவு அக்கா?”

“எட்டு.” என்றாள் பேச்சியம்மா.

ஞானேஸ்வரி அந்தப் பையைத் தராசில் மாட்டினாள். முள் ஒன்பதில் நின்றது. பத்துக்குப் போகவில்லை.

பேச்சியம்மா கடைப்படியில் குந்தி, யாரோ நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தாள். பாதியாவது உண்மை. அந்தப் பாதி போதும்.

மனேச்சர் செருமாமல், தட்டாமல் விசயத்தைச் சொன்னார். வழியில் ஆமிக்காரரின் சோதனையில் கம்பி குத்திய ஓட்டைச் சாக்குகளோடு லொறி வருகிறது. அவரோ முழுச் சாக்குக்குக் கையெழுத்து வைக்கவேண்டும். கொட்டுப்பட்டதன் கணக்கு அவர் தலையில். அதனால் அட்டைக்கு ஒரு கிலோ வெட்டினார். ஓட்டை தின்றது அதில் பாதிதான் என்று ஞானேஸ்வரி சாக்குகளை நிறுத்துக் காட்டியபோது அவர் கூரையைப் பார்த்தார். மறுபாதி அவருடைய குசினிக்குப் போயிருந்தது.

“முதல் பயத்தில வெட்டினனான், பிள்ளை. பிறகு பழக்கத்தில வெட்டினனான்.”

ஞானேஸ்வரி அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டாள். அவளுடைய அறிக்கைக்குப் பிறகு, சாக்குகளை லொறியடியிலேயே எல்லோருக்கும் முன்னால் நிறுத்து, வந்த நிறைக்கு மட்டும் மனேச்சர் கையெழுத்து வைத்தார்; குறைந்ததை மேலிடம் ஈடுகட்டி அனுப்பியது. கடைத் தராசின் முகம் வரிசைப் பக்கம் திரும்பியது. அட்டையை வெட்டச் சொல்லும் கடிதம் எழுதப்படவே இல்லை. அடுத்த முறை பேச்சியம்மாவின் பையில் பத்துக் கிலோவும் இருந்தது. அவள் ஒன்பது என்றாள், பிறகு தானே சிரித்து ஒன்றைக் கூட்டிக்கொண்டாள்.

பயம் போனதில் தங்கராசாவும் கொஞ்சம் சதை வைத்தார். ஆனாலும் ஒன்று அவருக்கு ஆறவில்லை. ஒரு கிலோவை ஒப்புக்கொள்கிறேன், இரண்டு என்று ஊரெல்லாம் சொன்னது பொய்தானே என்று ஒருநாள் வரிசைக்கு முன்னால் கேட்டார். பேச்சியம்மா பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

“ரெண்டு கிலோ போனது நெசந்தானுங்க மனேச்சர் ஐயா. ஒன்ன நீங்க எடுத்தீங்க, ஒன்ன தோட்டத்துக் கணக்கப்புள்ள எடுத்தாரு. அவரு எட்டாத தூரத்துல இருந்தாரு, நீங்க கைக்கெட்டுற தூரத்துல இருந்தீங்க. அதான் ரெண்டையும் ஒங்ககிட்டயே கேட்டேன்.”