பூவைப் போல ஒரு பூஞ்சை

செடி வாங்கப் போனால் ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பாள். அதனால் கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவளும் கணவனும் ஒரு கண்ணாடிக்கூடத்தில் பூச்செடி வளர்த்து விற்றுவந்தார்கள்.

அந்த வருடம், வெள்ளையாகப் பூக்க வேண்டிய செடிகள் பருவத்துக்கு முன்பே உச்சியில் மஞ்சளாக விரிந்தன. தேன் வாசனை வேறு. ஈக்கள் மொய்த்தன. கணவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"புது ரகம்டி. நமக்கு அடிச்சது யோகம்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மூலையில் ஒரே ஒரு செடி வழக்கம்போல வெள்ளையாகப் பூத்திருந்தது. அதில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றும் கிள்ளிவந்து சமையலறை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிளந்தாள். வெள்ளையில் நான்கு இதழ், நடுவில் மகரந்தம், அடியில் பிஞ்சு. மஞ்சளில் இதழே இல்லை. இலைகள்தான் நெருங்கிக் குவிந்து, பிசுபிசுவென்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தன. பிஞ்சுக்கு இடமே இல்லை.

"இது பூ இல்லைங்க, பூஞ்சை. உள்ளே இருந்துக்கிட்டு செடியைப் பூக்கவிடாம, தானே பூ மாதிரி வேஷம் போடுது."

அவன் இரண்டையும் வெகுநேரம் பார்த்தான். "யார்கிட்டயும் வாயைத் திறக்காதே" என்றான்.

மறுநாள் அவள் உரம் வாங்கித் திரும்பியபோது பாதித் தொட்டிகளைக் காணவில்லை.

"உங்க அண்ணன்தான் ஆசைப்பட்டுக் கேட்டாரு. நல்ல விலைக்குக் குடுத்துட்டேன்" என்றான் கணவன்.

உரமூட்டையை அப்படியே போட்டுவிட்டு அண்ணனுடைய கண்ணாடிக்கூடத்துக்கு ஓடினாள். அண்ணன் அதற்குள் அவற்றைப் பக்கக்கன்றுகளாகப் பிரித்து, தன் செடிகளுக்கு நடுவில் நட்டு முடித்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல, மண் ஒட்டிய கையோடு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். அண்ணிதான் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் தெரிஞ்சேதான் குடுத்தாரா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய் என்று தெரிந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நட்டதையெல்லாம் அண்ணன் பிடுங்கி எரித்தார். பயனில்லை. அடுத்த பருவத்தில் அவருடைய சொந்தச் செடிகளின் உச்சியிலும் மஞ்சள் ஏறியது. கூடத்தை மூடிவிட்டு ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். இவர்கள் கூடமும் தப்பவில்லை. இப்போது அவள் வேறொருவர் நாற்றுப்பண்ணையில் கூலிக்குக் களை எடுக்கிறாள். வீட்டில் கணவனோடு வேண்டிய பேச்சு மட்டும்தான்.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் அண்ணனைப் பார்த்தாள். காக்கிச் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்ணா."

பேருந்து வந்தது. அவர் ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.