அஷ்டமியில் மட்டும் தவறிய நிலா

நிலாவை மூன்று வாரம் சந்தேகித்தவன் நான். கம்பைலரைச் சந்தேகித்தேன், மின்வாரியத்தைச் சந்தேகித்தேன், கண்காணாத நாட்டில் இருந்த ஒரு நல்ல மனிதரைச் சந்தேகித்தேன். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை. எனக்கும் எனக்கும் அவ்வளவு நல்ல பழக்கம்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். திருவண்ணாமலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அது சோற்றுக்கு. ஆசைக்கு வேறொன்று இருந்தது. சூரியன், சந்திரன், கிரகங்கள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஒரு மென்பொருள் நூலகம். பல ஊர்களிலிருந்து ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் எழுதினோம். எழுதினோம் என்பது பெருமைக்குச் சொல்வது. கணக்கை அவர்கள் எழுதினார்கள். என் பொறுப்பு பில்டும் டெஸ்டும். அவர்கள் அனுப்பும் துண்டுகளைச் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே பொட்டலமாகக் கட்டுவது பில்ட். கட்டி முடித்ததிடம், விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது டெஸ்ட். ஒரு விடை பிசகினாலும் பொட்டலம் வெளியே போகாது. அந்த விதியைப் போட்டவனும் நான்தான். கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கு இருக்கிற கெத்து உள்ளே இருக்கிற முதலாளிக்கு வருமா?

சந்திரன் கணக்கைப் புதிதாக எழுதி அனுப்பியிருந்தார், நான் சொன்ன அந்த வெளிநாட்டு மனிதர். அதற்காக ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண்; சென்னையில் கடல் ஏற்ற இறக்கம் பற்றி ஆராய்ச்சி. நிலா இழுக்கிற இழுப்புக்குத்தானே கடல் ஏறி இறங்குகிறது. எங்கள் பழைய கணக்கில் இருந்த ஒரு பிழையால் அவளுடைய கடைசி அத்தியாயம் நின்றுபோயிருந்தது. முறையாக வெளியிட்ட புதுப் பதிப்பைத்தான் அவளுடைய பேராசிரியர் ஒப்புக்கொள்வார். மாதம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும்.

பௌர்ணமிக்கான டெஸ்டை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். பௌர்ணமி எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்பது எங்கள் ஊரில் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். வருடக்கணக்காக அந்த டெஸ்ட் பாஸாகிக்கொண்டே இருந்தது. புதுக் கணக்கு வந்த உற்சாகத்தில் அஷ்டமிக்கும் பத்துக் கேள்வி சேர்த்தேன். ஃபெயில். சில அஷ்டமிகளில் ஐந்து மணி நேரம் வரைக்கும் பிசகு.

ஐந்து மணி நேரம் என்றதும் துள்ளிக் குதித்தேன். புரோகிராம் உள்ளே கணக்கிடுவது லண்டன் நேரத்தில்; அதற்கும் நம் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் ஆயிற்றே! திருடன் அகப்பட்டான் என்று ஒரு வாரம் அந்தப் பக்கம் துரத்தினேன். ஆனால் வளர்பிறை அஷ்டமியில் முந்துகிற புரோகிராம், அடுத்து வரும் தேய்பிறை அஷ்டமியில் பிந்தியது. கடிகாரப் பிழை என்றால் ஒரே பக்கம்தானே சாயும்? புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மொழியில் பெயர்த்துத் தரும் கம்பைலரை மாற்றினேன். சென்டரில் இருந்த ஒவ்வொரு மெஷினிலும் ஓட்டினேன். வெளிநாட்டு மனிதர், “மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், என் சந்திரனில் குறையில்லை” என்று எழுதினார். “அவசரமில்லை, நிதானமாகத் தேடுங்கள்” என்று பெருந்தன்மையாகப் பதில் போட்டேன்.

அந்தப் பெண் என் வீட்டுக்குப் போன் செய்தாள்.

“இன்னா சார் ஆச்சு? வெர்ஷன் ரெடியா?”

“சந்திரன் சரியில்லம்மா. அஷ்டமி வந்தா தகராறு பண்றான்.”

போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள்: “யாருங்க அந்தச் சந்திரன்? குடிப்பாரா?”

அடுத்த சனிக்கிழமை காலை அந்தப் பெண் பஸ் பிடித்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். கெடுவுக்கு இன்னும் நான்கு நாள்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் டெஸ்ட் ஃபைலை மேலிருந்து கீழே படித்தாள்.

“கேள்வியெல்லாம் ஓகே சார். விடையெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?”

சுவரைக் காட்டினேன். பாத்திரக்கடையில் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

“இது வாக்கியமா, திருக்கணிதமா சார்?”

“பாத்திரக்கடை” என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “அது வாக்கியங்க. நம்ம கல்யாணத்துக்கு நாள் பாத்தப்போ ரெண்டு வீட்டுப் பஞ்சாங்கமும் நாலு மணி நேரம் தள்ளித் தள்ளிச் சொல்லி இழுபறி ஆச்சே, மறந்துட்டீங்களா? எங்க வீட்ல திருக்கணிதம்.”

“அப்புறம் எது ஜெயிச்சுதுக்கா?” என்றாள் அந்தப் பெண்.

“ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேரத்துல தாலி கட்டுனாரு. இன்னி வரைக்கும் அப்படித்தான் போவுது.”

பழைய வாய்பாட்டை அப்படியே வைத்துக் கணிப்பது வாக்கியம். வானத்தை இன்றைக்கு அளந்து திருத்திக்கொண்டது திருக்கணிதம். தமிழ்நாட்டில் பாதி வீட்டில் அது, பாதி வீட்டில் இது. பக்கத்து வீட்டுத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வாங்கி வந்து பார்த்தோம். புரோகிராம் சொன்ன நேரமும் அதுவும் ஓரிரு நிமிடத்துக்குள் ஒட்டி நின்றன. நிலா ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விடைக்குறிப்பைத்தான் நான் தப்பாக வைத்திருந்தேன்.

“மூணு வாரம் சார்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

தன் பையிலிருந்த வானியல் அட்டவணையின் ஜெராக்ஸைக் கொடுத்தாள். விடைகளை மாற்றி டெஸ்டை ஓட விட்டேன். முழுதும் ஓட இரண்டு மணி நேரம் ஆகும். பாதியில் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து. அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“முடிஞ்சதும் பொட்டலத்தை இன்னிக்கே மெயில்ல அனுப்பிடுங்க சார். ராத்திரி சென்னைக்குப் போய் பாத்துக்கிறேன்.”

“கவலையே படாதம்மா” என்றேன்.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் பாஸ். ஆனால் மண்டைக்குள் ஒன்று குடைந்தது. காலண்டர் தப்பென்றால் பௌர்ணமி மட்டும் எப்படி இத்தனை வருடம் பாஸானது? புத்தகங்களைப் புரட்டினேன். பாதி நிலாவாக இருக்கும்போது சூரியனின் இழுப்பால் நிலா கூடுதலாக முந்தும், பிந்தும். பௌர்ணமி, அமாவாசையில் அந்த ஆட்டம் கம்மி. வாக்கியத்தில் அந்த ஆட்டத்துக்குக் கணக்கே இல்லை. கிரகணம் வருவதோ பௌர்ணமியிலும் அமாவாசையிலும் மட்டும். வாக்கியத்தை எழுதிய பழைய ஆட்கள் தங்கள் கணக்கைக் கிரகணத்தோடுதான் ஒத்துப் பார்த்திருப்பார்கள். அஷ்டமிக்கு அவர்கள் டெஸ்டே எழுதவில்லை! என்னைப் போலவே, பாஸாகிற கேள்வியை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

ஆனந்தம் தாங்கவில்லை. பிரௌசிங் சென்டருக்கு ஓடி, அந்தப் பெண்ணுக்கு நான்கு பக்கத்துக்கு இதையெல்லாம் எழுதினேன். மன்னிப்பு, பூர்வீகர்களின் டெஸ்ட், சூரியனின் இழுப்பு, கையால் கணக்குப் போட்ட ஓர் அட்டவணை எல்லாம் இருந்தன. ஒருமுறை படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

“பொட்டலம் எங்க சார்?”