மோட்டார் போடுவதற்கு முன் ஒரு போன்

தவளக்குப்பம் பக்கம் சதுப்பைத் தூர்த்துக் கட்டிய குடியிருப்பு எங்களுடையது. ஐப்பசி பிறந்தால் கார் நிறுத்தும் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஊறும். அதை இறைத்து வெளியேற்ற ஒருவர் இருந்தார். ஒல்லியானவர். சேற்றுப்புண்ணால் வெளுத்த கால்விரல்கள். இரண்டு வருஷம் பார்த்தும் நான் பெயர் கேட்டதில்லை.

மோட்டார் போடுவதற்கு முன் தவறாமல் வீட்டுக்குப் போன் பேசுவார். என் கார்ச் சக்கரம் முங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“முதல்ல மோட்டாரப் போடுங்க. அப்புறம் பேசலாம்.”

“ஒரே நிமிஷம் சார். அரிசி மூட்டையக் கட்டில் மேல ஏத்தச் சொல்லிட்டுப் போட்டுடறேன்.”

“எதுக்கு?”

“இந்தத் தண்ணி மதிலுக்குப் பின்னால எங்க தெருவுக்குத்தான சார் போவுது?”

சொல்லிவிட்டு சுவிட்சைத் தட்டினார். என் கார் தப்பியது.

அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், தண்ணீர் மெதுவாக வடிகிறது, பெரிய மோட்டார் வேண்டும் என்று தீர்மானம் வந்தது. நானும் கை தூக்கினேன்.

புது மோட்டார் வந்த அன்றும் அவர் போன் பேசினார்.

“இனிமே கட்டிலு பத்தாது. புள்ளைங்கள இட்டுக்கினு பள்ளிக்கூடத்துக்குப் போயிடு.”

பிறகு சுவிட்சைப் போட்டார். என் பக்கம் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் குனிந்து காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.