தூங்கும் புழுவுக்கு இலை வைத்தவள்

பெங்களூர் ஆய்வகத்தில் பட்டுப்புழுவுக்கு நம்பர் உண்டு. ஒவ்வொரு பிளாஸ்டிக் டப்பாவிலும் ஒரு புழு, மூடியில் ஒரு சீட்டு, உள்ளே அளந்து வெட்டிய மல்பெரி இலை. தருமபுரிப் பக்கம் எங்கள் வீட்டில் தட்டுத் தட்டாக ஆயிரக்கணக்கில் வளர்ப்போம். ஒன்றையும் தனியாகப் பார்த்ததில்லை. 1998இல் ஆராய்ச்சி மாணவியாகப் பெங்களூருக்கு வந்து, அடுகோடியில் அறை எடுத்தேன். பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாக்களை இலையில் தடவிப் புழுவுக்குக் கொடுத்து, எது கொல்கிறது, எது காக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பிழைக்க வைத்துப் பழகிய கையால் சாகடிக்கப் பழகினேன்.

முதல் சோதனையன்றே டப்பாக்களைப் பார்த்ததும் திக்கென்றது. தோலுரிக்கும் முன் புழு தலையைத் தூக்கியபடி ஒரு நாள் அசையாமல் கிடக்கும்; இலையைத் தொடாது. "சார், எல்லாம் தூங்குது. நாளன்னிக்கு வெக்கலாமா?" என்று என் வழிகாட்டியிடம் கேட்டேன். அட்டவணையைக் காட்டி, "ஷெட்யூல் பிரகாரா மாடம்மா" என்றார் கன்னடத்தில், அதில் உள்ளபடியே செய் என்று. செய்தேன். வாயை மூடிக்கொண்டு செய்தது என் தப்பு. தடவிய இலை தடவியபடியே காய்ந்தது. அந்த வாரம் ஒரு புழுவும் சாகவில்லை.

கோபம் வந்தால்தான் சாருக்குத் தமிழ் வரும். "பாக்டீரியாவ கீழ ஊத்திட்டியா? புழு வளக்கற வீட்டுப் பொண்ணு, கொல்ல மனசு வரல. ஊருக்கே போயிடும்மா."

"ஊத்தல சார். தூங்கற புழு எப்படித் திங்கும்? இன்னொரு தடவ குடுங்க. அது எழுந்ததும் வெக்கறேன். அப்பவும் சாகலன்னா நானே போயிடறேன்."

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். படிப்பு போனாலும் போகட்டும், பொய்க்காரி என்ற பேரோடு பஸ் ஏறுவதாக இல்லை.

அடுத்த தொகுதிப் புழுக்கள் தூங்கி எழுந்த பசியில் இலையை நரம்புவரை தின்றன. மூன்றாம் நாள் ஒவ்வொன்றாகத் தொளதொளத்துக் கறுத்துச் செத்து நாறின. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது வந்தால் தட்டோடு குழியில் கொட்டுவோம். ஜெயித்துவிட்டேன், ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. சார் மன்னிப்புக் கேட்கவில்லை. அட்டவணையில் மட்டும் 'தோலுரித்த பின்' என்று அவர் கையெழுத்தில் ஒரு வரி ஏறியிருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். புழு வளர்க்கும் அறை வாசலில் அம்மா கையை நீட்டி மறித்தாள். "நீ உள்ள வராத கண்ணு. அந்தக் கிருமி உன் துணியில இருந்தாலும் இருக்கும்."

"அந்தக் கிருமி நம்ம வீட்டுக்கு வராம இருக்கத்தாம்மா படிக்கறேன்."

"படி. வெளிய நின்னு படி."

அங்கே கொல்லத் தெரியாதவள் என்றார்கள், இங்கே கொல்கிறவள். இரண்டு பேருக்கும் நான் தலைகுனிவதாக இல்லை. நகராமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா ஒரு தட்டைத் தூக்கி வந்து, ஜன்னலின் கொசுவலைக்கு அந்தப் பக்கம் பிடித்தாள்.

"இதக் கொஞ்சம் பாரு. இலை போடலாமா?"

வலையில் மூக்கு உரசக் குனிந்து பார்த்தேன். தலைகள் எல்லாம் தூக்கியிருந்தன.

"போடாதம்மா," என்றேன். "தூங்குது."