அம்மன் பாட்டைத் திருடிய வெள்ளைக்காரர்கள்

பர்மியத் துறைமுகப் பேட்டையான போட்டாதாங்கின் தமிழர்களிடையே பாட்டுக்காரர் என்று பெயர் வாங்கத் தங்கவேலுவுக்கு நான்கே பாட்டுகள் போதுமாக இருந்தன. ஒன்று மாரியம்மன் திருவிழாவுக்கு, ஒன்று பிள்ளையாருக்கு, ஒன்று கல்யாண ஊர்வலத்துக்கு, மற்றொன்று சங்கத் தேர்தலில் ஜெயித்தவருக்கு மாலை போடும்போது பாடுவதற்கு. ஜெயித்தவர் யாரானாலும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நான்கின் வரிகளையும் எழுதியவர் தங்கவேலுதான். மெட்டுப் போட்டவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள்.

அறுபத்தைந்தாம் வருஷம் அவர் ஒரு மைக்செட் கடையில் ரெக்கார்டு போடும் வேலையில் இருந்தார். துறைமுகத்தில் இறங்கிய கப்பல் சமையற்காரன் ஒருவன் இரண்டு கைலிக்குப் பதிலாக ஒரு சின்ன இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அட்டையில் ஒரே கிண்ணத்தைக் கவிழ்த்து முடி வெட்டியதைப் போல நான்கு வெள்ளைக்காரப் பையன்கள். அந்தக் குழுவின் பெயரைத் தங்கவேலு கடைசி வரை சரியாக உச்சரித்ததில்லை. ஆங்கிலம் தெரியாதது அவருக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. அவர்கள் ‘பேபி, பேபி’ என்று கெஞ்சிய இடத்தில் ‘தாயே, தாயே’ என்று போட்டார். தாளம் கச்சிதமாக உட்கார்ந்தது.

கல்யாணமான புதிதில் மனைவி கனகாம்பாள் டிரங்குப் பெட்டியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். “கப்பல் சரக்கு வேணாம்னு அம்மன் ஒண்ணும் சொல்லலையே” என்று பெட்டியை மூடினாள். அதோடு சரி.

2001இல் ஓர் ஆடி வெள்ளி. கோயிலில் பாட்டை முடித்துக்கொண்டு எல்லோரும் முனைத் தேநீர்க் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் புதிதாக வாங்கிய விசிடியைப் போட்டார். கறுப்பு வெள்ளையில் அந்த நான்கு பையன்களும் தலையை உதறிக்கொண்டு, சற்று முன் கோயிலில் ஒலித்த அதே மெட்டைப் பாடினார்கள். எதிரே பெண்கள் அழுதுகொண்டே கத்தினார்கள். தங்கவேலு பாதித் தேநீரை வைத்துவிட்டு நழுவப் பார்த்தார்.

லத்தா கடைத்தெருவில் குடை மொத்த வியாபாரம் செய்யும் மாரிச்சாமி சங்கச் செயலாளர். சமுதாயத்துக்கு எங்கே அவமானம் கிடைக்கும் என்று காத்திருப்பவர். “நம்ம ஊ தங்கவேலு பாட்டத் திருடிக்கிட்டு ஆட்டம் போடுறான் பாருங்க” என்றார். ‘ஊ’ என்பது பர்மியர் பெரியவர்களின் பெயருக்கு முன் போடும் மரியாதை. கடை முழுதும் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. இங்கிலாந்துத் தூதரகத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதுவதென்றும், புகார்தாரர் இடத்தில் தங்கவேலுவின் பெயரும் விலாசமும் போடுவதென்றும் முடிவாயிற்று. ராணுவ ஆட்சியில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே என்ன பேசினீர்கள் என்று விசாரிக்க ஆள் வரும் காலம் அது. வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் புகார் அனுப்பியவனை எந்த ஜெயிலில் போய்ப் பார்ப்பது என்று கனகாம்பாளுக்கே தெரியாமல் போகும். தங்கவேலு வீட்டுக்கு ஓடிப்போய் இசைத்தட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். பாட்டு இவர்களுடையது, நான்தான் எடுத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

மாரிச்சாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் 1964 என்று அச்சாகியிருந்தது.

“பாத்தீங்களா, அப்பவே திருடிட்டான்.”

“நான் பாட்டு எழுதுனதே அறுபத்தஞ்சுலதானே” என்றார் தங்கவேலு.

“மனசுல எப்ப எழுதுனீங்க? அதச் சொல்லுங்க.”

இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு அடக்கமா என்று கூட்டம் உருகியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருடனையும் மன்னிக்கும் குணம் என்று மாரிச்சாமி அதற்கு விளக்கம் கொடுத்தார். ஆனால் சமுதாயம் மன்னிக்காது, கடிதம் போகும் என்றார்.

பெண்கள் வரிசையிலிருந்து கனகாம்பாள் எழுந்தாள். “நல்லா அனுப்புங்க. இவருக்குக் கையெழுத்து ஒழுங்கா வராது. செயலாளர் பேரையும் லத்தா கடை விலாசத்தையும் போட்டு நீங்களே கையெழுத்துப் போட்டுருங்க, கோ மாரிச்சாமி.”

பெரியவருக்கான ‘ஊ’ கூட இல்லை, சமவயதுக்காரரைக் கூப்பிடும் ‘கோ’தான். வெள்ளைக்காரனிடம் போய் நியாயம் கேட்பதே நமக்குக் கேவலம் என்று மாரிச்சாமிக்குச் சட்டென்று தோன்றிவிட்டது. தங்கவேலுவுக்கு ‘இசைச் செம்மல்’ பட்டமும் பொன்னாடையும் கொடுப்பதென்று தீர்மானம் மாறியது. விழாவில் இசைத்தட்டுக்கும் சந்தனம் வைத்து ஒரு மாலை போட்டார்கள்.

முதல் சில மாதங்கள் பட்டத்தைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் தங்கவேலு தலையைக் குனிந்துகொள்வார். பிறகு நிமிர்ந்தார். அடுத்த ஆண்டு வீட்டு வாசலில் பெயர்ப்பலகை ஏறியது. 2007இல் கண்ணை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்புகூட, அதே தேநீர்க் கடை விசிடியில் அந்தப் பையன்கள் பாட, முகத்தைச் சுளித்தார்.

“பாட்டத்தான் எடுத்தான், போவட்டும். அந்த மூணாவது அடியில தாளத்தக் கெடுத்துட்டானே” என்றார்.