மீன்காரி மாதா

அடுத்த அறையில் பூசை மணி கேட்டது. கூடத்தில் மெலிசாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த தவரத்தினம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மனைவி சாரதாதேவி வெளியே வருவதற்குள் இந்தப் பெண்ணை அனுப்பிவிட வேண்டும். பிறகு மனைவியிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லித்தான் தீர வேண்டும்.

வேலை செய்த கட்டடத்திலிருந்து விழுந்த மகன் கீர்த்தனன் பாரிஸ் ஆசுபத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். மூச்சு இயந்திரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். பிரெஞ்சு புரியாத சாரதாதேவி, பக்கத்தில் நின்று அவரைக் கைகூப்பி வணங்கினாள். பெற்றவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அவள் நம்பியிருந்ததெல்லாம் ஒரு பீங்கான் மாதாவை. பழைய சாமான் சந்தையில் கண்டதும் வாங்கி வந்து பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தாள். இடுப்பில் குழந்தை, காலடியில் அலை. கடலோரத்து வேளாங்கண்ணி மாதாவேதான் என்றாள். சைவ வீடென்றால் மாதாவுக்கு இடமில்லையா என்ன? வெள்ளி தவறாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பிள்ளையின் உயிரைக் கேட்டு அழுதாள்.

மெலிசா, கீழ்வீட்டுப் புதுச்சேரிக்காரர் செபஸ்டியனின் மகள்; அருங்காட்சியகத்தில் வேலை. போன வாரம் சிலையைப் படம்பிடித்துப் போனவள், இன்று ஒரு பழைய அச்சுப்படத்தின் நகலோடு வந்திருந்தாள். பாரிஸ் தெருக்களில் கூவி விற்றவர்களை அந்தக் காலத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்களாம். அவற்றைப் பார்த்துப் பிற்பாடு செய்த பீங்கான் பொம்மைகளில் ஒன்றுதான் இது.

“இது மாதா இல்ல மாமா. மீன் விக்கிற பொம்பள. அது அலையும் இல்ல. கூடை கவுந்து மீன் கொட்டிக் கெடக்கு.”

வெள்ளிக்கிழமை மீன் வாசனையையே வீட்டுக்குள் விடாதவள் சாரதாதேவி. வேறொரு நாளென்றால் தவரத்தினம் வாய்விட்டுச் சிரித்திருப்பார். இன்று, படத்தை மறைத்துவிடும்படி கெஞ்சினார். அதற்குள் அவள் திருநீற்றுத் தட்டோடு வாசற்படியில் நின்றாள். எல்லாம் காதில் விழுந்துவிட்டது.

“அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரிட்டைக் கேட்டனான்?”

அவள் படத்தை வாங்கி, குழந்தையின் முகத்தை விரலால் தடவினாள். நெடுநேரம் தடவினாள்.

“இஞ்சை பாருங்கோ. மீனெல்லாம் நிலத்திலை. பிள்ளையை மட்டும் விடேல்லை. நானும் விடமாட்டன்.”

படத்தை மாதாவின் காலடியில் வைக்கப் போய்விட்டாள். மெலிசா கண்களைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபடி படியிறங்கினாள். தவரத்தினம் கதவைச் சாத்தினார். சாத்திய கதவைப் பார்த்தபடியே நின்றார். திரும்பினால் சொல்லியாக வேண்டும்.