கடைசி ஆளாக நின்ற ஒச்சாண்டி

ஒச்சாண்டிக்குப் போடியில் ஏலக்காய் மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை. ஆனால் ஊர் அவனை அறிந்திருந்தது தோளுக்காக அல்ல, வலது காலுக்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு மேற்கே இருந்த பொட்டலில் அவன் வெறுங்காலால் பந்தை உதைத்தால், அது எங்கே விழுகிறது என்று பார்க்க வண்டிக்காரர்கள்கூட மாட்டை நிறுத்துவார்கள். தம்பி முத்துவீரன் சடுகுடுக்காரன். ஓடுகிறவனின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பதில் அவனுக்கு நிகராக அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அப்பா இல்லாத வீட்டில் அம்மா மொக்கம்மாளுக்கு இந்த இரண்டு பேர்தான்.

அறுபத்தேழில், கோழி வளர்ப்புச் சொல்லித்தர என்று அமெரிக்காவிலிருந்து கென்னத் என்ற வாலிபன் போடிக்கு வந்து சேர்ந்தான். புத்தகத்தில் படித்த தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவான். அவன் பெட்டியில் இரண்டு பக்கமும் கூராக, கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலுக்கான தோல்பந்து ஒன்று இருந்தது. ஒரு நாள் அதைப் பொட்டலுக்குக் கொண்டுவந்து ஒச்சாண்டியிடம் கொடுத்தான். ஒச்சாண்டி உதைத்தான். பந்து போன உயரத்தைப் பார்த்துவிட்டுக் கென்னத் இன்னொரு தடவை உதைக்கச் சொன்னான்.

மறுநாளே சுண்ணாம்புத் தூளோடு வந்து பொட்டலின் நீளத்துக்குப் பத்துக் கோடு போட்டான். கோட்டுக்கு ஒருவனாகச் சடுகுடு ஆட்கள் பத்துப் பேர். நடுவில் பந்தோடு ஒச்சாண்டி.

"தூரம் வேண்டாம். உயரம் வேண்டும்" என்றான் கென்னத். "பந்து வானத்தில் இருக்கும் நேரம்தான் இவர்கள் ஓடும் நேரம். எதிரி பந்தைப் பிடிக்கும்போது பத்துப் பேரும் அவன் முன்னால் வலை மாதிரி நிற்க வேண்டும்."

வலை என்பது எல்லோருக்கும் புரிந்தது. புரியாதது, அவனவன் தன் கோட்டிலேயே ஓட வேண்டும் என்பது. யார் ஓடி வந்தாலும் மொத்தமாக அவன்மேல் விழுவதுதான் அவர்கள் அறிந்த ஆட்டம். பத்துப் பேரும் ஒரே பக்கம் பாய்வார்கள். மறுபக்கம் திறந்து கிடக்கும். கென்னத் ஓரத்தில் நின்று, "கோட்டை விடாதே! கோட்டை விடாதே!" என்று கத்துவான். அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் இருப்பதை அறியாமல் அவன் கத்தக் கத்த, ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒச்சாண்டிக்கு மட்டும் வேறு வேலை. "நீ உதைத்துவிட்டு ஓடாதே. பின்னால் நில். பத்துப் பேரும் விட்டால், நீ பிடி."

மதுரை, ராமநாதபுரம் பக்கங்களில் இருந்த கென்னத்தின் அமெரிக்க நண்பர்கள் பதினொரு பேர் அறுபத்தொன்பது பொங்கலுக்குப் போடி வருவதாக இருந்தது. முழு ஆட்டத்தையும் கற்றுத்தர நாள் இல்லை. அதனால் கென்னத் சுருக்கமாக ஒரு பந்தயம் வைத்தான். ஒச்சாண்டி பத்துத் தடவை உதைப்பான். ஒவ்வொரு தடவையும் அமெரிக்கர்களில் ஒருவன் பந்தைப் பிடித்து ஓடி வருவான். ஒச்சாண்டிக்குப் பின்னால் இருக்கிற எல்லையைத் தொடுவதற்குள் மடக்கிவிட்டால் போடிக்கு ஒரு புள்ளி.

"ஆனால் பிடிக்கக் கூடாது. இரண்டு கையால் தொட்டால் போதும்" என்றான். "எங்கள் ஊரில் தலைக்கு இரும்புத் தொப்பி மாதிரி ஒன்று, தோளுக்குக் கவசம், எல்லாம் உண்டு. இங்கே எதுவும் இல்லை."

எல்லோரும் ஒச்சாண்டியைப் பார்த்தார்கள்.

"தொட்டுட்டு வர்றதுக்கு இது கண்ணாமூச்சியா சார்?" என்றான் ஒச்சாண்டி. "ஊரே வந்து நிக்கும். நாங்க பிடிக்கிற ஆளுக. பிடிச்சுத்தான் வெளையாடுவோம்."

கென்னத் இரண்டு நாள் மறுத்தான். மூன்றாம் நாள் சரி என்றான். "தலையைக் குனியாதே" என்று முத்துவீரனிடம் மட்டும் தினமும் தனியாகச் சொன்னான். பந்துக்காரனுக்கு முன்னால் நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து சுவராக ஓடி வருவார்களாம். அந்தச் சுவரை உடைக்கிற வேலை முத்துவீரனுக்கு.

பொங்கல் கழிந்த மறுநாள் சாயங்காலம் பொட்டலில் ஊர் திரண்டுவிட்டது. முதல் பந்துக்குப் பத்துப் பேரும் இடது பக்கம் பாய்ந்தார்கள். செம்பட்டைத் தலைக்காரன் ஒருவன் வலது ஓரமாக ஓடிப்போய் எல்லையைத் தொட்டான். இரண்டாம் பந்துக்கு எவனும் கோட்டை விடவில்லை. பந்துக்காரன் போக வழி இல்லாமல் நடுவில் நின்று முழித்தான், அமுக்கிவிட்டார்கள். கூட்டம் துண்டைச் சுழற்றியது.

மூன்றாவது பந்தை ஒச்சாண்டி அதுவரை உதைக்காத உயரத்துக்கு உதைத்தான். கீழே பத்துப் பேரும் வரிசை குலையாமல் ஓடுவதைப் பின்னால் நின்று பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. எதிரே நான்கு பேர் சேர்ந்து சுவராக வந்தார்கள். முத்துவீரன் நேராக அதை நோக்கிப் போனான். போகிற வேகத்தில் அவன் முதுகு வளைவதை ஒச்சாண்டி பார்த்தான். கணுக்காலுக்குப் பாய்கிற பழக்கம்.

"ஏலே, தலையைத் தூக்குலே!"

கூட்டத்தின் இரைச்சலில் அது அவன் காதுக்கே கேட்கவில்லை. முத்துவீரனின் உச்சந்தலை ஒருவனின் தொடையில் போய் மோதியது. அவன் கையை ஊன்றாமல் விழுந்தான். கையை ஊன்றாமல் அவன் விழுந்து ஒச்சாண்டி பார்த்ததே இல்லை.

அதே நேரம், உடைந்த சுவருக்குள்ளிருந்து பந்துக்காரன் வெளியே வந்து ஒச்சாண்டியை நோக்கி ஓடி வந்தான். ஒச்சாண்டியின் கண் தம்பிமேல் இருந்தது. உடம்பு அது பாட்டுக்கு நகர்ந்து, வந்தவனை இடுப்போடு கட்டித் தரையில் சாய்த்தது. கூட்டத்திலிருந்து ஓடி வந்தவர்கள் ஒச்சாண்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். "எறக்குங்கடா, எறக்குங்கடா" என்று அவன் அடித்துக்கொண்டது அவர்களுக்குச் சந்தோஷமாகப் பட்டது.

இறங்கி ஓடி வருவதற்குள் நான்கு பேர் முத்துவீரனைக் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவராகத் தூக்கிவிட்டார்கள். தலை பின்னால் தொங்கியது. கென்னத் கத்திக்கொண்டே ஓடி வந்தான். படித்த தமிழ் அத்தனையும் அந்த நிமிடத்தில் அவனை விட்டுப் போயிருந்தது. அவன் இங்கிலீஷில் கத்தியது தூக்காதீர்கள் என்றுதான் என்பது ஒச்சாண்டிக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

ஏலக்காய் ஜீப்பில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்துக்குள் நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். கால் வராது, கையும் இவ்வளவுதான் என்றார். கென்னத் வேலூர் வரை கூட்டிக்கொண்டு போனான். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் முத்துவீரன் கேட்டான்.

"அண்ணே, அவனை நீ பிடிச்சுட்டியாமே?"

"ம்."

"நான் விழுந்ததைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ நல்லாப் பிடிச்சியாம், சொன்னாக" என்றான் முத்துவீரன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் தேவலை என்று ஒச்சாண்டிக்கு இருந்தது.

அந்த வருஷம் ஆடியில் கென்னத்தின் இரண்டு வருஷ வேலைக்காலம் முடிந்தது. வீட்டு வாசலில் வந்து நின்று, போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று மொக்கம்மாளிடம் அழுதான்.

"ரெண்டு மணிக்கொரு தடவை அவனைப் பொரட்டிப் போடணும்" என்றாள் அவள். "பீ மூத்திரம் அள்ளணும். நீ எத்தனை வருசத்துக்கு இருப்ப? போயிரப்பா."

அந்த வேலைகளை மொக்கம்மாளும், ஒச்சாண்டி கட்டிக்கொண்டு வந்த ராஜாத்தியும், மண்டி விட்டு வந்த நேரமெல்லாம் ஒச்சாண்டியும் செய்தார்கள். என்ன செய்தும் முதுகில் புண் வருவதைத் தடுக்க முடியவில்லை. எழுபத்துமூன்று புரட்டாசியில் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் முத்துவீரன் போய்ச் சேர்ந்தான்.

பத்து நாளில் கென்னத்திடமிருந்து கடிதம் வந்தது. பெரிய பெரிய எழுத்தில் தமிழிலேயே எழுதியிருந்தான். முத்துவீரன் எப்படி இருக்கிறான் என்று ஒரே கேள்வி. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்த ராஜாத்தி பேனாவோடு உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கான்னு எழுது."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன மாமா இது?"

"எழுது புள்ள."

வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை முத்துவீரன் நன்றாக இருந்தான். நிறுத்த வேண்டும் என்று ஒச்சாண்டி ஒவ்வொரு தடவையும் நினைத்தான். முதல் பொய்யை எப்படிச் சொல்லித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை.

எழுபத்தொன்பது மார்கழியில் கடிதத்துக்குப் பதில் கென்னத்தே வந்தான். முன்னந்தலை வழுக்கை விழுந்திருந்தது. முத்துவீரனுக்கென்று சக்கர நாற்காலி ஒன்றை மதுரையில் வாங்கி, பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். மண்டியிலிருந்து ஓடி வந்த ஒச்சாண்டி அந்த நாற்காலியைப் பார்த்தான். முத்துவீரன் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது என்று ராஜாத்திதான் சொன்னாள்.

கென்னத் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டான்.

"எழுதியிருந்தா நீங்க அங்கன இருந்துக்கிட்டு என்ன செஞ்சிருப்பீக சார்?"

புதைத்த இடத்தையாவது பார்க்க வேண்டும் என்றான் கென்னத். கொட்டகுடி ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான் ஒச்சாண்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெருவெள்ளம் வந்து கரையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. மேடு எது, பள்ளம் எது என்று அடையாளம் இல்லை. ஒச்சாண்டி முள்ளை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் பத்தடி நடந்தான், அந்தப் பக்கம் பத்தடி நடந்தான்.

"இங்கனதான் சார்" என்றான். "இங்கனதான் எங்கனயோ."

கென்னத் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல் நின்றான்.